மொட்டைமாடிச் சக்களத்தன்

அந்த ரோஜாச்செடியைத் தீர்த்துக்கட்டுவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவெடுத்தபோது அவர் வாய் நிறையப் பற்பசை நுரை. அதனால் சபதத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டு துப்பினார்.

காரணம், மொட்டைமாடியிலிருந்து குளியலறை ஜன்னல் வழியாக வந்து விழுந்த மனைவியின் குரல்.

"என்னடா ராஜா, ராத்திரி தூங்கினியா? முகம் ஏன் இப்படி வாடியிருக்கு?"

ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தவர் இவர். முகம் வாடியிருந்ததும் இவருக்குத்தான், கண்ணாடியிலேயே தெரிந்தது. விசாரணை மட்டும் மாடிக்குப் போய்விட்டது.

அவள் இறங்கி வந்ததும் கேட்டார்.

"யார்கிட்ட அவ்வளவு கொஞ்சல்?"

"ரோஜாகிட்ட."

"செடிக்குக் காது இருக்கா?"

"காது இருக்கிறவங்க மட்டும் கேட்டுடறாங்களாக்கும்."

"மாடியே கதின்னு கிடக்கிறியே, அங்க அப்படி என்னதான் இருக்கு?"

"மண்ணைத் தொட்டா கோபம் இறங்கிடுதுங்க. மனசு பஞ்சு மாதிரி ஆயிடுது. கடவுள் பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

"பக்கத்துலதான் நான் நிக்கிறேனே."

"ஆமா. அதான் மாடிக்குப் போறேன்."

பெண்டாட்டிக்குப் போட்டியாக ஒருத்தி வந்தால் அவளைச் சக்களத்தி என்று சொல்லத் தமிழில் வழியிருக்கிறது. புருஷனுக்குப் போட்டியாக ஒருவன் வந்தால் அவனை என்னவென்று சொல்வது? மொழியே கைவிட்ட நிலையில் அவரே ஒரு சொல்லைச் செய்துகொண்டார். சக்களத்தன்.

சக்களத்தனுக்கு வீட்டில் நடந்த உபசாரத்தைப் பார்க்க வேண்டுமே! இவருக்குத் தேநீர் ஆறிப்போய் வந்தது. அவனுக்குத் தண்ணீர் வெயிலில் வைத்து இதமாகப் போனது. வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்துப் பட்டாகியிருந்த இவருடைய பனியனைக் கிழித்து, அவன் சாயாமல் இருக்கக் குச்சியோடு கட்டியிருந்தாள். கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவரிடம், "மேல்வரி தெரியுதா, கீழ்வரி தெரியுதா?" என்று கேட்பதற்குப் பதில், "அவன் கிட்ட அப்படி என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டார். வந்தவர் பயந்துபோய், எல்லாமே நன்றாகத் தெரிகிறது என்று சொல்லி எழுந்து போனார்.

ஒரு செடியை எப்படிக் கொல்வது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எதிரியின் பலவீனங்களை எதிரியின் பக்கத்திலிருந்தே யாரோ ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"என் ராஜா தண்ணித்தொட்டி நிழல்லயே இருக்கட்டும்ங்க. வெயில் பட்டா கருகிடுவான்" என்றாள் ஒரு மாலை.

செய்தித்தாளுக்குப் பின்னால் ஒரு புன்னகை விரிந்தது. மறுநாள் விடியற்காலையில், மூச்சு வாங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ரோஜாத்தொட்டியை உருட்டி உருட்டி வெட்டவெளிக்குக் கொண்டுபோனார். தொட்டி இடம் மாறியதை அவள் கவனிக்கவேயில்லை. அங்கேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பொறாமை பிடித்தவனுக்கு எல்லா இடத்திலும் சந்தேகம் வரும், வர வேண்டிய இடத்தில் மட்டும் வராது.

செடி கருகவில்லை. செக்கச்செவேலென்று கொழுந்து விட்டது.

"கிளையில மட்டும் கத்தரி படவே கூடாதுங்க. உயிரையே விட்டுடும்."

மறுநாள் கத்தரியோடு போனார். வெட்டிய இடத்திலெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் துளிர்த்தது.

"வேர்ப்பக்கம் மண்ணைக் கிளறினா அவ்வளவுதான்."

மூக்குக்கண்ணாடித் திருகாணி முடுக்குகிற குட்டி ஸ்க்ரூடிரைவரால், ஒரு வஞ்சகனுக்கே உரிய பொறுமையோடு, சுற்றிச் சுற்றிக் கிளறினார். மொட்டு வைத்தது.

இதற்கிடையில் வேறு சில காரியங்கள் தாமாக நடந்தன. படுத்தால் தூக்கம் வந்தது. "ராத்திரி உங்க குறட்டை தாங்க முடியல" என்று அவள் அலுத்துக்கொண்டாள். கடையில், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களைக்கூடச் சிரித்து அனுப்பினார். பழிவாங்குவதில் இவ்வளவு ஆரோக்கியம் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வருந்தினார்.

பேச்சு வேறு வளர்ந்துவிட்டது. முதலில் "டேய், இன்னையோட உன் கதை முடிஞ்சுதுடா" என்று மட்டும்தான் சொல்வார். பிறகு கடைச் சங்கதி, முழங்கால் வலி, பேசாமல் விட்டுப்போன ஒரு பழைய சிநேகிதன் என்று நீண்டது. நண்பனிடம் கௌரவம் பார்க்க வேண்டியிருக்கிறது. எதிரியிடம் என்ன கௌரவம்? எல்லாம் சொல்லி முடித்துக் கிழக்கே பார்த்தால், சூரியன் யாருக்கோ சொன்ன வாக்கைக் காப்பாற்றுவது போல எழுந்து வரும். அவர் கொஞ்ச நேரம் கத்தரியை மறந்து நிற்பார்.

அப்படி ஒரு காலையில் பூ விரிந்திருந்தது. அதற்குக் கீழே ஓர் இலையை ஒரு புழு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அவருக்கு ரத்தம் கொதித்தது.

"என்னைத் தவிர எவன்டா இவன் மேல கை வைக்கிறது?" என்று புழுவை எடுத்து வீசினார்.

பின்னால் சிரிப்புச் சத்தம். மனைவி, இரண்டு கையிலும் தேநீர்.

"சும்மா காத்து வாங்க வந்தேன்" என்றார்.

"கத்தரியோடயா?"

அதற்கு மேல் தாங்கவில்லை. "ஆமாடி! கொல்லத்தான் வந்தேன். ராத்திரி தூங்கினியான்னு என்னை ஒரு நாளாவது கேட்டியா?"

"தினமும் கேட்டேனே. குளியலறை ஜன்னலுக்கு நேர் மேல நின்னு, உங்க காதுல விழற மாதிரிதானே கேட்டேன்?"

அவர் கைப்பிடிச்சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். ஜன்னல் நேர் கீழேதான் இருந்தது.

"ரோஜாவுக்கு வெயில் ஆகாதுன்னு உலகத்துல யாராவது சொல்வாங்களாங்க? வெட்டிவிட்டாத்தான் அது பூக்கும். கிளறிவிட்டாத்தான் வேர் மூச்சு விடும்."

"பின்னே ஏன்டி மாத்தி மாத்திச் சொன்னே?"

"எங்க டாக்டர் அண்ணன் என்ன சொன்னார்? 'மாப்பிள்ளை, கொஞ்ச நேரம் தோட்ட வேலை பாருங்க, தூக்கம் வரும், படபடப்பு அடங்கும்'னார். நீங்க என்ன சொன்னீங்க? 'உன் தங்கச்சிக்குத் தோட்டக்காரன் வேலைக்கா வாக்கப்பட்டேன்'னு எகிறினீங்க. உங்களைச் செய்யுங்கன்னா செய்ய மாட்டீங்க. செய்யாதீங்கன்னா விடியறதுக்கு முன்னாடியே எழுந்து செய்வீங்க. எனக்குத் தெரியாதா?"

"அப்போ உனக்கு மனசு பஞ்சு மாதிரி ஆச்சே? கடவுள் பக்கத்துல வந்து நின்னாரே?"

"நீங்க சண்டை போடாம கடைக்குப் போனீங்களே, அப்போ வந்து நின்னார்."

மானம் என்று ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் திரட்டிக்கொண்டார். "இனிமே இந்த மாடிப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன். போதுமா?"

"போதும்ங்க. நல்லதாப் போச்சு. கீழ்வீட்டுக்காரரும் கேட்டுக்கிட்டே இருக்கார், இந்த ரோஜாவை நான் பாத்துக்கட்டுமான்னு. அவர் கை பட்டா பட்ட மரமும் தழைக்குமாம்."

"எவன் அவன்?" அவருடைய கை தானாகத் தொட்டியின் விளிம்பைப் பற்றியது. "என் ராஜா மேல அவன் கை பட்டுடுமா? பாத்துடறேன்."

அன்றைக்கே கடையை அரைநாள் மூடிவிட்டு, புதுத்தொட்டிகள் வாங்கி வந்து, வேர்வை சொட்டச் சொட்ட வரிசையாக மண் நிரப்பினார். கீழ்வீட்டுக்காரர் போன மாதமே காலி செய்துகொண்டு போய்விட்டதும், வாசலில் பூட்டுத் தொங்குவதும், கடைசித் தொட்டியில் கை முழங்கைவரை புதைந்திருந்தபோதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.