காசிமேட்டின் வடதுருவம்

வடதுருவத்துக்காக இவ்வளவு கோபப்பட்ட மனிதர் இந்தப் பூமியில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அங்கே வாழும் பனிக்கரடிகூட இத்தனை கோபப்பட்டிருக்காது. காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் உடைப்பது அவருக்கு வேலை. ஆளோ எப்போதும் அடுப்பு மாதிரி கனன்றுகொண்டிருப்பார். சொந்தப் பெயர் முதலாளிக்காவது தெரியுமா, சந்தேகம்தான். எங்களுக்கு அவர் ‘வடதுருவம்’.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அந்த ஐஸை மீன்பாடி வண்டியில் ஏற்றி, ஈரச் சாக்கு போர்த்தி, மீன்பிடி போட்டுகளுக்குக் கொண்டுபோவேன். எதைக் கேட்டாலும் பயம். ரேடியோவில் புயல் சின்னம் என்றால் புயலுக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். பார்த்துப் பார்த்து என்னிடம்தான் அவர் டீக்கடைப் பேப்பரைப் படித்துக் காட்டுவார்.

“வடதுருவத்துல ஐஸு கரைஞ்சிகினு கீதாம்டா. கடலு ஏறுமாம். இவனுங்க இன்னா பண்ணிகினு கீறானுங்க?”

“அது எங்க கீது அண்ணாத்த?”

“எண்ணூரைத் தாண்டி நேரா போ. வரும்.”

மிதக்கிற ஐஸ் கரைந்தால் கடல் மட்டம் உயராது என்று ஒருநாள் பேப்பரில் போட்டிருந்தது. வந்ததே கோபம்! “ஐஸோட குடும்பம் நடத்தறவன் நானு. என்கிட்டயே கதை வுடறானா?” டீக்கடை பக்கெட்டில் ஐஸ் கட்டியைப் போட்டு, விளிம்பு தளும்பத் தண்ணீர் ஊற்றினார். “கரையட்டும், வழியும் பாரு!” கம்பெனியில் தரையில் நிற்கிற பார் கரைந்து கணுக்கால் வரை தண்ணீர் ஓடுவதைப் பார்த்தவர். அந்தத் தைரியம். டீக்கடையே வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தது. ஐஸ் முழுசாகக் கரைந்தது. பக்கெட் அப்படியே இருந்தது.

“துருவம், ஒரு சொட்டுகூட வழியலியே!” என்றார் டீ மாஸ்டர்.

வடதுருவம் பக்கெட்டை ஓங்கி உதைத்தார். “இப்ப வழிஞ்சிச்சா?”

எனக்கு வந்த நிம்மதி மறுநாள் காலை வரைதான் நீடித்தது. “மெதக்கற ஐஸு இல்லடா, தரை மேல கீற ஐஸுதான் வில்லங்கம். அது போவட்டும். உறைஞ்ச மண்ணுக்கு அடியில மீத்தேன்னு ஒரு கேஸு கீதாம். நம்ம சாக்கடையில கொப்புளம் வுடுதே, அந்த மாதிரி. ஒரு விஞ்ஞானி இன்னா சொல்றான், அது மொத்தமா கிளம்பிடும், உடனே வானத்துல கந்தகத்தைத் தெளிச்சி வெயிலை மறைக்கணுமாம். இன்னொருத்தன், அதெல்லாம் மெதுவாத்தான் வரும், நீ தெளிச்சா வேற ஊருல மழை பூடும்ன்றான்.”

“யாரு சொல்றது நெசம்?”

“தெரியலடா! அவனுங்களுக்கும் தெரியல. தெரியாமயே மேல மருந்தடிக்கப் போறானாம், பேமானி! மணலி ரிபைனரிக் காத்து அடிக்கச் சொல்ல சடையங்குப்பத்துல ஒரு நாள் வந்து படுக்கட்டும். அப்புறம் தெளிக்கட்டும் கந்தகத்தை!”

அந்த மழைக்காலத்தில் சண்டை என் வீட்டுக்கே வந்துவிட்டது. திருவொற்றியூர்க் கரையோரக் குப்பம் ஒன்றில் என் வீடு. கடல் முதலில் பின்னாலிருந்த குளியலறையைத் தின்றது. பிறகு சமையலறைச் சுவரைப் பிளந்தது. “படுத்தா கடல்லதான்யா எழுந்திருப்போம்” என்றாள் என் மனைவி செல்வி. சாலை மறியல் செய்த பிறகே கருங்கல் லாரிகள் வந்தன. குப்பமே பட்டாசு வெடித்தது. முதல் லாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார் வடதுருவம்!

“கல்லை எறக்காத!”

கரையில் நின்ற இரண்டு அதிகாரிகள் பேசியதைக் கேட்டுவிட்டிருக்கிறார். இங்கே கல்லைக் கொட்டினால் அலை திரும்பி வடக்கேயுள்ள குப்பத்தின் மண்ணை வாரும் என்றார் ஒருவர். அதற்கு நிரூபணம் இல்லை, அவசரத்துக்கு முதலில் கொட்டுவோம் என்றார் மற்றவர்.

“அண்ணே, எங்க வூடு போவுதுண்ணே!” என்று அழுதாள் செல்வி.

“உன் வூடு நிக்க அவன் வூடு போவணுமா தங்கச்சி? அவனை ஒரு வார்த்தை கேட்டானுங்களா?”

யாரிடமும் குரல் உயர்த்தாத எனக்கு அன்று ரத்தம் கொதித்தது. “யோவ், நீ கொருக்குப்பேட்டைல ரயிலு சத்தத்துல படுக்கற ஆளு. இங்க சமையக்கட்டுல மீனு நீந்துது. நவுருய்யா!”

என்னை முறைத்தார். பிளந்த சுவர் வழியே தெரிந்த கடலைப் பார்த்தார். விலகினார். “போடு. போட்டுத் தொலை.”

கல் விழுந்தது, வீடு நின்றது. ஜீப்பில் வந்த அதிகாரிகள் ஜீப்பில் போனார்கள். அடுத்த மழைக்காலத்தில் வடக்குக் குப்பத்தின் கரை அரிக்கத் தொடங்கியது. எங்கள் கல்லாலா, அந்த வருஷத்து அலையாலா? வந்து பார்த்துச் சொல்லக்கூட அந்த இருவரில் ஒருவருக்கும் நேரமில்லை. இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

வடதுருவம் வந்தார், கம்பெனியில் கழித்துப்போட்ட சாக்குகளை அள்ளிக்கொண்டு. “வண்டியை எடு.”

ஐஸும் மீனும் ஊறிய சாக்கு. குப்பத்துப் பூனைகள் ஊர்வலமாகப் பின்னால் வந்தன. வடக்குக் குப்பத்தில் இறங்கிச் சாக்கில் மணலை நிரப்ப ஆரம்பித்ததும் அந்தக் குப்பத்து மீன்காரம்மா ஒருத்தி பிடித்துக்கொண்டாள்: “உங்க கல்லாலதான் எங்க மண்ணு போச்சு, இப்ப நாத்தம் புடிச்ச சாக்கோட வந்துகீறீங்களா?”

“சரியாத்தான் திட்டற. இந்தா, இந்த முனையைப் புடி” என்றார். அவளும் திட்டிக்கொண்டே பிடித்தாள்.

அடுக்கிய முதல் வரிசையை அலை கொண்டுபோனது. “இது நிக்குமா அண்ணாத்த?”

“நிக்காதுடா.”

“அப்புறம் ஏன்?”

“கையைக் கட்டிகினு வேடிக்கை பாக்கச் சொல்றியா, சோமாறி? அமுக்கிக் கட்டு!”

அந்த மழைக்காலம் முழுவதும் அடுக்கினோம். சில வீடுகள் போயின, சில நின்றன. அலையையும் அதிகாரிகளையும் அந்த இரண்டு விஞ்ஞானிகளையும் அவர் ஒரே மூச்சில் திட்டுவார். பெரிய அலை எழும்போது மட்டும், திட்டை நிறுத்தாமலே, பின்னாலிருந்து என் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். எனக்கு நீச்சல் தெரியாது என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை.