புதன்கிழமை அண்ணனும் என் பெயரில் உள்ள நாயும்

உலகத்தில் ஓய்வு நாளன்று எங்கள் புதன்கிழமை அண்ணன் அளவுக்கு வேலை செய்த மனிதன் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் முதல் புதன்கிழமையே களைத்துப் போய் திரும்பிப் போய்விடுவான்.

பெர்மாஸ் ஜெயாவில் எங்களுக்குப் பக்கத்து வீடு அவருடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். எல்லைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டினால் வீடு திரும்ப இருட்டிவிடும். பகல் வெளிச்சத்தில் அவருடைய முகத்தைத் தெரு பார்ப்பது வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

கல்யாணம் ஆகவில்லை. மூன்று நாய்கள் இருந்தன. எந்த ஊரில் கண்டெடுத்தாரோ அந்த ஊரின் பெயரையே நாய்க்கும் வைத்துவிடுவார். பெக்கோக், கூலாய், மாசாய். முதல் இரண்டும் சாது. மாசாய்க்கு ஒரு காது பாதிதான், குரல் மட்டும் இரண்டு நாய்க்கு உண்டானது. என் கணவர் கூலாயில் பிறந்து வளர்ந்தவர். "கூலாய், வெக்கமா இல்ல உனக்கு? நேத்து முழுக்க சாப்ட்டு தூங்குன, இன்னைக்கும் அதேவா?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் குரல் எழுந்தால், இவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "யாரு என்னைச் சொல்றா?" என்பார். நான் பதில் சொல்வதில்லை. சொன்னது சரியாகத்தானே இருக்கிறது.

புதன்கிழமை ஆறு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கும். ஆறு சீருடைகள் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போகும். பிறகு ரப்பர் குழாயை எடுத்து வீட்டின் முன்புறம் முழுதும் கழுவுவார். அடுப்பில் கோழிக் கழுத்தும் கேரட்டும் போட்ட சோறு ஒரு பானை கொதிக்கும். அதன்பின் நாய்களுக்குக் குளியல். குளிக்க வரிசையாக நிற்க வேண்டும். "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால எடம் இருக்கு. வாசல்ல நிக்காதீங்க" என்று ஆறு நாள் பயணிகளிடம் சொல்கிற அதே குரலில் அவற்றிடமும் சொல்வார். எல்லாம் முடிந்ததும், கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸைப் பார்ப்பது போல, வீட்டின் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நடந்து, கட்டிலடி, சோபாவடி எல்லாம் குனிந்து, யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்ப்பார். அந்த வீட்டில் ஏறுவதும் இறங்குவதும் அவர் ஒருவர்தான்.

மாசாய் வந்த பிறகுதான் எனக்குச் சோதனைக் காலம். தண்ணீர் என்றால் அதற்கு ஆகாது. ஆறு மணிக்குக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டதும் ஊளையிட ஆரம்பிக்கும். தன் முறை வந்து, குளித்து, துவட்டி முடிக்கும்வரை நிறுத்தாது. சுருதி மட்டும் ஏறிக்கொண்டே போகும். நான் பேரங்காடி ஒன்றில் வேலை செய்கிறேன். சனி ஞாயிறு எங்களுக்கு விடுப்பு கிடையாது. எனக்கும் புதன்கிழமைதான் ஓய்வு. வாரம் முழுவதும் நின்றே வேலை பார்த்த கால்கள் அந்த ஒரு காலைப் பொழுதை நம்பித்தான் இருந்தன. போதாததற்கு எனக்கு நாய் என்றாலே பயம்.

ஒரு புதன்கிழமை பொறுமை போய்விட்டது. போர்வைக்குள் இருந்தபடியே மாநகர் மன்றத்துக்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். வீட்டு எண் கேட்டார்கள், என் வீட்டு எண்ணையும் சேர்த்தே கொடுத்தேன். கொடுத்து முடித்ததும் அருமையாகத் தூக்கம் வந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, இன்னொரு புதன்கிழமை, வேன் ஒன்று வந்து நின்றது. கையில் கோப்போடு மலாய்க்கார அதிகாரி ஒருவர் இறங்கினார். நான் துணி காயப்போடுகிற பாவனையில் சுவரோரம் நின்றேன். அண்ணன் அப்போது மாசாய்க்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இந்த வீட்டுக்கு இரண்டு நாய்க்குத்தான் லைசென்ஸ் இருக்கிறது, மூன்றாவதைக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்றார். அண்ணன் வாதாடுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழாயைத் திறந்தார். மாசாயின் மேலிருந்த சோப்பைக் கழுவினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலை, முதுகு, வயிறு, அந்தப் பாதிக் காது எல்லாம் மெதுவாகத் துவட்டினார்.

"ஒரு நிமிஷம் இருங்க சார். ஈரத்தோட ஏத்தாதீங்க. இவனுக்கு உடனே சளி பிடிச்சுக்கும்."

தமிழில்தான் சொன்னார். மலாய் அவருக்கு நன்றாக வரும், அந்த நேரத்தில் மறந்துவிட்டது போல. மாசாயும் அன்றைக்கு அதிசயமாக ஊளையிடவில்லை.

அப்போது என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை, அதுவாகத்தான் திறந்தது.

"அது என் நாய்" என்று மலாயில் சொன்னேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாசாயையும் சேர்த்துச் சொல்கிறேன்.

"உங்களுடையதா? பெயர் என்ன?" என்றார் அதிகாரி.

"மாசாய்."

"ஊரைக் கேட்கவில்லை. நாயின் பெயரைக் கேட்டேன்."

"அதுதான் பெயர்."

அவர் கோப்பைப் புரட்டினார். என் வீட்டுக் கதவிலிருந்த எண்ணைப் பார்த்தார். மறுபடியும் கோப்பைப் பார்த்தார். நான் கையிலிருந்த துணியை மறுபடியும் உதறினேன்.

"புகார் உங்கள் வீட்டிலிருந்துதானே வந்திருக்கிறது?"

"ஆமாம். என் நாயைப் பற்றி நான்தான் புகார் கொடுத்தேன். தொல்லை தாங்கவில்லை."

"உங்கள் நாய் ஏன் பக்கத்து வீட்டில் இருக்கிறது?"

"குளிக்க அனுப்பியிருக்கிறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து, திரும்ப வந்துவிட்ட மலாயில், "ஆமாம் சார், புதன்கிழமை புதன்கிழமை நான்தான் குளிப்பாட்டி அனுப்புவேன்" என்றார். ஒரு வருடமாக அந்தத் தொழிலை நடத்துகிறவர் மாதிரி சொன்னார்.

அதிகாரி கோப்பை மூடினார். இரண்டு வாரத்துக்குள் என் பெயரில் லைசென்ஸ் எடுக்கச் சொன்னார். வேனில் ஏறும்போது, "அடுத்த முறை உங்கள் நாயைப் பற்றிப் புகார் இருந்தால், முதலில் நாயிடமே சொல்லிப் பாருங்கள்" என்றார். ஏமாந்து போனவர் முகத்தில் அப்படிச் சிரிப்பு இருக்காது.

வேன் போன பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

"கம்ப்ளேய்ன் பண்ணது நீங்களா தங்கச்சி?"

"ஆமாண்ணே."

"என்கிட்டயே சொல்லிருக்கலாம்லா."

"நீங்க வீட்டுல இருக்கறதே புதன்கிழமதான். அன்னைக்கு நான் தூங்கணும்ணே. காலெல்லாம் வலி."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் துண்டைப் பிழிந்தபடி யோசித்தார்.

"எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?"

"ஒம்பது."

அடுத்த புதன்கிழமை ஆறு மணிக்குச் சத்தமே இல்லை. அந்த அமைதியில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தேன். அண்ணன் தோளில் துண்டோடு, கையில் குழாயோடு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்று நாய்களும் வரிசையில். மாசாய் வாயைத் திறக்கும் போதெல்லாம் அவர் உதட்டில் விரலை வைத்தார். மூன்று மணி நேரம் அப்படியே இருந்தார்களாம். சீருடைகள் அன்று சாயங்காலம்தான் காய்ந்தன.

லைசென்ஸ் என் பெயரில் வந்தது. அதன்பின் அண்ணன் என்னைச் சொந்தக்காரியாகவே நடத்தத் தொடங்கினார். "ஒங்க பையன் ரெண்டு நாளா சரியா சாப்புடல" என்று சுவரோரம் வந்து அறிக்கை கொடுப்பார். நகம் வெட்டலாமா என்று என்னிடம் அனுமதி கேட்பார். முதலில் துண்டை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு வாலை. ஒரு நாள் சோப்பையே கையில் கொடுத்துவிட்டு, "பயப்படாதீங்க, அவனுக்கு உங்களவிட பயம்" என்று சீருடையைத் தேய்க்கப் போய்விட்டார். நானும் மாசாயும் நடுங்கிக்கொண்டே குளித்து முடித்தோம். யார் அதிகம் நனைந்தது என்று என் கணவரைக் கேட்டால் சொல்வார்.

போன மாதம் அண்ணனுக்கு ஓய்வு நாளை வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். தெருவில் யாரும் அவர் பெயரை மாற்றவில்லை. நான் மட்டும் மறுநாள் மெனேஜர் அறைக்குப் போய், எனக்கும் வியாழக்கிழமை லீவு கொடுங்கள் என்று கேட்டு நின்றேன். காரணம் கேட்டார்.

"இல்லன்னா வீட்டுல அண்ணன் ஒருத்தரே நாய் குளிப்பாட்டணும் சார்" என்றேன்.