எஞ்சினிடம் ‘பர்தோன்’ கேட்ட பார்சல் முசே

ரயில் எஞ்சினிடம் மன்னிப்புக் கேட்ட மனிதர் இந்தப் பூமண்டலத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில்தான் இருந்தார். கூட்ஸ் வண்டி பின்னோக்கி நகர்ந்து வரும். பிளாட்பார விளிம்பில் நிற்பவர் சட்டென்று ஒதுங்கி, நெஞ்சில் கைவைத்து, இடுப்பை லேசாக வளைத்து, “பர்தோன்!” என்பார். எஞ்சினும் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டு அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டு போகும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் முசே. பிரெஞ்சுக்காரர்கள் ‘ஐயா’ என்பதற்கு வைத்திருக்கும் நீளமான சொல்லைப் பாண்டிச்சேரிக்காரர்கள் வாயில் போட்டு மென்று, கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னால் முசே.

பிறவியிலேயே அவர் முசே இல்லை. முப்பத்து நாலு வயது வரைக்கும் பக்கத்துக் கெடார் கிராமத்துக்காரராகத்தான் இருந்தார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையில் பிறந்து, கேப்பைக் கூழில் வளர்ந்து, பார்சல் கிளார்க்காக உட்கார்ந்தவர். பக்கத்து ஜன்னலில் நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நடுவே இருந்த பலகைத் தட்டி ஆளை மறைக்கும், வாசனையை மறைக்காது. பொம்மையார்பாளையம் பக்கத்துக் கருவாட்டுக் கூடைகள் அவர் கைவழியாகத்தான் உலகத்துக்குப் போயின. கூடைகள் போய்விடும். வாசனை அவரோடு குடித்தனம் நடத்தும்.

அதனால்தான் கல்யாணம் தட்டிக்கொண்டே போயிற்று.

“இன்னா சார் பண்றது? பொண்ணு பாக்கப் போனா, பொண்ணு வர்றதுக்கு முன்னாடி அந்த வூட்டுப் பூனை வந்து மடியில குந்திக்குது!” என்பார்.

எட்டு வீட்டில் பார்த்தாயிற்று. எட்டுப் பூனைகளுக்கும் பரிபூரண சம்மதம். எட்டுப் பெண்களுக்கும் இல்லை.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். கல்யாணத் தரகர் ஒன்பதாவது ஜாதகத்தோடு பார்சல் ஆபீசுக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தார்.

“திண்டிவனத்துப் பொண்ணு. சரோஜான்னு பேரு, தையல் டீச்சரு. வாசனையெல்லாம் பாக்க மாட்டாங்க, அந்த வூட்லயே தெனம் மீனுதான். ஆனா அப்பாரு சொல்தா.”

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்த் துப்பாக்கி தூக்கிவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இவர் திண்டிவனத்தில் வீடு கட்டி, நடுக்கூடத்தில் ஆறு நாற்காலியோடு ஒரு மேசையும் போட்டிருந்தார்.

“அந்த மேசையில சரிக்குச் சரியா குந்தி, முள்ளுக்கரண்டியால சாப்டுக்கினே பிரெஞ்சுல நாலு வார்த்தை பேசணும். அப்டிப்பட்ட மாப்ளதான் வேணுமாம். மூணு மாசம் டைம் குட்த்துக்கிறாரு.”

“முடியலன்னா?”

“முடியலன்னா கெடாருக்குப் போயி மல்லாட்டை புடுங்கிக்கினு இரு. இத்த வுட்டா எங்கிட்ட வேற ஜாதகமே கெடையாது.”

அன்று சாயங்காலமே நம் பார்சல் கிளார்க் பட்லர் காலில் போய் விழுந்தார். பட்லர் ஸ்டேஷனுக்குப் பின்னால் டீக்கடை வைத்திருந்தவர். பாண்டிச்சேரியில் ஒரு துரை வீட்டில் இருபது வருஷம் மேசை வேலை பார்த்தவர். துரை கப்பலேறியதும், ஒரு வெள்ளைக் கோட்டும், ஆறு முள்கரண்டியும், வாய் நிறையப் பிரெஞ்சுமாக விழுப்புரத்தில் வந்து இறங்கியிருந்தார். ஐந்து திசைகளிலிருந்தும் தண்டவாளங்கள் ஓடிவந்து கைகோக்கும் எங்கள் ஊரில், அந்த மொழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பாடம் ஆரம்பமாயிற்று. ஐயோ, அந்த மூன்று மாதங்கள்! பார்சல் கிளார்க் எங்களுக்கு முசே ஆனது அப்போதுதான். மாவு மில் மாதிரி அவர் வாய் ஓயவே இல்லை. காலையில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு போன்ழூர், அதாவது பிரெஞ்சு வணக்கம். போர்ட்டருக்கு ஒரு போன்ழூர். திருவெண்ணெய்நல்லூருக்குப் போகிற கோழிக்கூடைக்கு, கோழிக்கு ஒன்று வீதம் பதினெட்டு போன்ழூர். கோழிகளும் மரியாதை தெரிந்தவை, ஒன்று விடாமல் பதில் சொல்லும்.

மெஸ்ஸில் தோசையைக் கத்தியால் அறுத்தார். வடையைக் குத்தினார், அது பறந்துபோய்த் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் சாம்பாரில் இறங்கியது. “பர்தோன்” சொல்லிவிட்டு முள்கரண்டியோடு மீட்கப் போனார். குமாஸ்தா இலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“ரசத்த எப்டிங்க முள்ளுல எடுக்கறது?” என்று பட்லரைக் கேட்டார்.

“அத்த சூப்புன்னு நெனச்சிக்க.”

“நெனச்சிக்கினேன். அப்பவும் ஒழுவுதுங்க.”

“மனசுல இன்னும் சந்தேகம் கீது. அதான் ஒழுவுது.”

லீவுக்குக் கெடார் போனபோது கேப்பைக் களியைக் கத்தி முள்ளால் வகிர்ந்திருக்கிறார். அவர் அம்மா அகப்பையோடு எழுந்து வந்து, “ஏண்டா, அதான் வெந்து செத்துப்போச்சே, இன்னும் ஏண்டா குத்திக் கொல்ற?” என்று கேட்டதாகத் தானே வந்து சொல்லிச் சிரித்தார்.

மொழியோடு நாகரிகமும் உண்டு. ஆணும் ஆணும் சந்தித்தால்கூட இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் அங்கே உண்டு என்று பட்லர் சொல்லித் தொலைத்துவிட்டார். யாரிடம் பழகிப் பார்ப்பது? நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். திண்டிவனம் பாசஞ்சரின் கார்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு அப்பாவியாக நின்றிருந்தார். வலது கன்னத்தில் ஒன்று விழுந்ததுமே அதிர்ச்சியில் விசில் வீலென்று அலறியது. கை தானாகப் பச்சைக் கொடியை உதறியது. வண்டி கிளம்பிவிட்டது. அந்த வண்டி சரியான நேரத்துக்குப் புறப்பட்டது என் சர்வீஸில் அன்று ஒருநாள்தான்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் அவர் கண்ணில் ஒரு பயம் இருந்தது. மத்தியானம் வண்டி இல்லாத நேரத்தில், காலி மேசைக்கு எதிரே, பட்லர் நிற்கும் அதே தோரணையில் நின்று, தான் கற்ற வாக்கியங்களை முணுமுணுப்பார். பிள்ளையாரிடம் வேண்டுகிறவர் மாதிரி இருக்கும்.

“ஒம்போதாவது சார். இதுவும் போச்சின்னா, அப்புறம் நானும் ஒரு கூடதான். எந்த ஊருக்குன்னு சீட்டு ஒட்டாத கூட.”

டிக்கெட் கொடுப்பது போலச் சில்லறையாக ஏதாவது ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறித்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு டஜன் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்தார். பட்லர் தன்னுடைய வெள்ளைக் கோட்டையே, பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் துலக்கி, சீடனுக்கு மாட்டிவிட்டார். துணைக்கு நான். காலை பாசஞ்சரில் திண்டிவனம்.

சொல்தா மீசையை முறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கோட்டைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார். “வாங்க” என்றார். அந்த வீட்டிலும் பூனை இருந்தது. முசேயைக் கண்டதும் ஓடிவந்தது, எலுமிச்சை வாடையில் தும்மிவிட்டுத் திரும்பிப் போயிற்று. எனக்கு நம்பிக்கை பிறந்தது.

மேசையில் கோழி, மீன், பாண்டிச்சேரியிலிருந்து வந்த நீள ரொட்டி. சொல்தா ஒரு பக்கம், நாங்கள் எதிர்ப்பக்கம். சரோஜாவும் அவள் அம்மாவும் சமையலறை நிலைப்படியில் நின்றார்கள். கையில் கரண்டி.

சொல்தா பிரெஞ்சில் ஏதோ கேட்டார். குசலம் விசாரிக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

முசே நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று, “முசே ஏ செர்வி!” என்றார்.

சொல்தாவின் புருவம் ஏறியது. இன்னொரு கேள்வி. முசே அசரவில்லை, இன்னும் நீளமாக ஒன்றை எடுத்து விட்டார். சொல்தா திடுக்கிட்டு எழுந்து தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

“இன்னா சார் இது?” என்று என்னைப் பார்த்தார். “எப்டி இருக்கீங்கன்னு கேட்டா, ‘சாப்பாடு தயாரா இருக்குங்க’ன்னு என் மேசையிலயே குந்திக்கினு எனக்கே சொல்றாரு. ஊர்ல மழையான்னு கேட்டா, ‘ஒயின் செவப்பா, வெள்ளையா, எது ஊத்தட்டும்?’ன்றாரு. மதுவிலக்கு ஊர்ல பேசற பேச்சா? எவன்கிட்ட கத்துக்கினாரு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மாதமாக எங்கள் ஜங்ஷனே காது குளிரக் கேட்ட அத்தனை பிரெஞ்சும் பரிமாறுகிறவனின் பிரெஞ்சு. உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு அதில் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது.

முசேயின் முகம் வெளிறிவிட்டது. ஒன்பதாவது ஜாதகமும் கை நழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தோன்றியதோ, மெல்ல எழுந்தார். மேசைத் துண்டை எடுத்து இடது கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தபோது களிமண்ணாக இருந்த மனுஷர், எழுந்து நின்றதும் ராஜாவாகிவிட்டார். நேரே நிலைப்படிக்குப் போனார்.

“மதாம்... மத்முவாசெல்... சில்வுப்ளே.”

‘தயவுசெய்து உட்காருங்கள்’ என்கிற பாவனையில் அம்மாவுக்கும் மகளுக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர்கள் சொல்தாவைப் பார்த்தார்கள். சொல்தாவுக்கு வாயில் ரொட்டி. அவர் அதை விழுங்குவதற்குள் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு நாற்காலி போட்ட மேசையில் அவர்கள் உட்காருவது அதுவே முதல் தடவை என்று பிறகு தெரிந்தது. முசே இடப்பக்கமாக வந்து மீனைப் பரிமாறினார். ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை. இரண்டடி பின்வாங்கி நின்றார். சரோஜாவின் தட்டு பாதி காலியானதும் குனிந்து, மூன்று மாதமாகக் காலி மேசையிடம் கேட்டதைக் கேட்டார்.

“ஆங்கோர், மத்முவாசெல்?”

அப்பாவின் சத்தத்தில் வளர்ந்த பெண், பிரெஞ்சு நன்றாகவே புரியும். அவள் தலை குனிந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“கேட்டுதாப்பா?” என்றாள். “இன்னுங் கொஞ்சம் வேணுமான்னு கேக்கறாரு. பாவாடை கட்டன நாள்லேர்ந்து இந்த மேசைக்குக் கொழம்பு ஊத்திக்கினு கீறேன். என்னை இத்த ஒருத்தரும் கேட்டதில்ல. எந்த பாஷைலயும்.”

சொல்தா மீசையிலிருந்து ஒரு ரொட்டித் துணுக்கை எடுத்தார்.

“சரி... அந்த முள்ளுக்கரண்டி?” என்றார் பலவீனமாக.

“அத்த நான் கத்துக் குடுக்கறேன்.” பிறகு முசேயைப் பார்த்து, “உய்” என்றாள். ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்வது. மீனுக்குச் சொன்னாளா, கல்யாணத்துக்கா என்று யாரும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் பட்லரைப் பிடித்து உலுக்கினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “நான் இன்னாத்தக் கண்டேன் சார்? இருவது வருசம் மேசை பக்கத்துல நின்னவன். குந்தினா இன்னா பேசுவாங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்?” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அதன் பிறகு முசே ஒரு வார்த்தைகூடப் புதிதாகக் கற்கவில்லை. தேவைப்படவும் இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தத் தம்பதியின் வீட்டில் நான் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். சரோஜா உட்கார்ந்திருப்பாள், நான் உட்கார்ந்திருப்பேன், கருவாட்டுக் குழம்பும் துண்டுமாக முசே நிற்பார். நாலு வருஷம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. கிளம்பிய வண்டியின் ஜன்னலோடு கூடவே ஓடிவந்து, “ஆங்கோர், சார்?” என்று கேட்டு ஒரு பொட்டலம் மல்லாட்டையைத் திணித்தார்.

இப்போதும் விருந்துகளில் இலையை மூடப்போகும்போது ஒரு கணம் கை நின்றுவிடுகிறது. இடது கையில் துண்டோடு யாராவது வருகிறார்களா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன்.