ஒருமனதாக இடிக்கப்பட்ட மெத்தைக் கம்பெனி

தொலைநோக்குக்கு இந்த உலகம் சிலை வைக்க நினைத்தால் இரண்டு சிலைகளாக வைக்க வேண்டும். இரண்டும் என் மச்சான்கள்.

மாமனார் விட்டுப்போன மெத்தைக் கம்பெனிக்கு அவர்கள்தான் டைரக்டர்கள். பஞ்சு வாங்குவது, தையல் பார்ப்பது, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது போன்ற சில்லறை வேலைகளை என் மனைவி பார்த்துக்கொண்டாள். ஆகவே அவளுக்குப் பதவி இல்லை. மெத்தை அவள் பொறுப்பு. மெத்தனம் அண்ணன்கள் பொறுப்பு. நான் வீட்டு மாப்பிள்ளை. அதனால் கூட்டங்களுக்கு ‘நடுநிலைத் தலைவர்’.

“இடத்தை வித்துடலாம்” என்றார் பெரிய மச்சான்.

“இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டலாம். மொட்டைமாடியில நீச்சல்குளம்!” என்றார் சின்ன மச்சான்.

“உனக்கு நீச்சல் தெரியுமாடா?”

“உங்களுக்கு விக்கத் தெரியுமா? இதுவரைக்கும் ஒரு தலையணை வித்திருக்கீங்களா?”

என் மனைவி கதவருகே தலையை நீட்டினாள். “அண்ணா, ஆஸ்பத்திரி ஆர்டர் வந்திருக்கு. பேசாம தொழிலை நடத்தினா என்ன?”

கூட்டம் அதிர்ந்தது. ‘பொருளுக்குப் புறம்பானது’ என்று நான் நிராகரித்தேன். பதவி அப்படி.

பிறகு கோட்டு போட்ட ஆலோசகர் ஒருவர் வந்தார். இடத்தைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். “விக்கிறதானாலும் கட்டுறதானாலும், இடம் காலியா இருக்கணும்” என்றார்.

ஆகா! மச்சான்கள் முதன்முறையாக ஒத்துப்போனார்கள். மறுவாரமே கூரை இறங்கியது. தொழிலாளர்களுக்கு நன்றியுரை வாசிக்கப்பட்டது.

“இனி நாங்க எங்க சார் போறது?” என்றார் தையல்கார அக்கா.

“நல்லா ஓய்வெடுங்கம்மா” என்றார் பெரிய மச்சான். படுக்க ஒரு மெத்தைகூடக் கொடுக்கவில்லை.

என் மனைவி மெஷின்களை வண்டியில் ஏற்றினாள். எதிர்த்தெருவில் ஒரு குடோனை வாடகைக்குப் பிடித்து, அதே ஆட்களைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி ஆர்டரை முடித்தாள்.

மச்சான்கள் காலி இடத்தில் குடை பிடித்தபடி கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். விற்கச் சின்னவர் கையெழுத்துப் போடமாட்டார். கட்டப் பெரியவர் பேனாவைத் திறக்கமாட்டார்.

ஒருநாள் இருவரும் அளவு டேப்போடு குடோனுக்கே வந்துவிட்டார்கள். வாசல் அகலத்தை அளந்தார்கள்.

“தொழில் ஜோரா ஓடுதும்மா. இதை வித்துடலாம்.”

“எதுக்கு விக்கணும்? இடிச்சுட்டுக் கட்டலாம்.”

“இது வாடகை இடம்ணா” என்றாள் என் மனைவி.

“அதனால என்ன? ஓனரையும் மீட்டிங்குக்குக் கூப்பிடு!”

அவள் ஷட்டரை இறக்கினாள். நான் உள்பக்கமாக நின்றுகொண்டேன்.

சும்மா சொல்லக்கூடாது. அப்பா கட்டியதை இடித்தார்கள். தங்கை நிமிர்த்தியதையும் இடிக்க வந்தார்கள். தங்கள் கையால் ஒரு செங்கல்கூட வைத்ததில்லை என்ற அந்தச் சாதனையை மட்டும் அவர்களிடமிருந்து யாராலும் பறிக்க முடியாது.