அப்பாவின் நாற்காலியில் ஒரு பாம்பு

நான் ஒரு பாம்பை "அப்பா" என்று கூப்பிட்டிருக்கிறேன். தனியாக இருக்கும்போது வாய் தவறிக் கூப்பிட்டதென்றால் யாருக்கும் சொல்லாமல் இருந்திருப்பேன். லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு முன்னறை வாசலில், மாமா, சித்தி, ஜெர்மனியிலிருந்து வந்திறங்கிய மச்சான்மார் என்று வீடு கொள்ளாத சனத்துக்கு முன்னால், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கூப்பிட்டேன். (பாம்பு அதைச் சட்டை செய்யவில்லை. அதற்குக் காது கிடையாதாம், பிறகு சொன்னார்கள்.)

அப்பா இறந்து அப்போது அதிக நாளாகவில்லை.

அவர் ஜெர்மனியில் சில வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்தே ஓய்வு பெற்றவர். இரண்டு நாட்டுக் குளிரும் சேர்ந்து எலும்புக்குள் போய்க் குடியிருந்துவிட்டது போல, ஜூலை மாதத்திலும் கழுத்தில் செங்கல் நிற மஃப்ளர் சுற்றியிருப்பார். முன்னறைதான் அவருடைய அறை. அங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில் அவருடைய நாற்காலி. ஹீட்டரைக் கூட்டுவது அவர் வேலை, "மூச்சு முட்டுது" என்று முணுமுணுத்துக்கொண்டு குறைப்பது என் வேலை. இப்படியே பல வருடம் ஒருவரோடொருவர் அதிகம் பேசாமல் ஒற்றுமையாக வாழ்ந்தோம்.

ஒருநாள் காலை அவர் அம்மாவிடம் கருவாடு பொரித்துத் தரச் சொல்லிக் கேட்டார். பிரஷர் என்று டொக்டர் உப்பை நிறுத்திச் சில வருடமாகியிருந்தது. "ஒரு துண்டு போதும்" என்றாராம். கிளினிக்குக்குப் போய்வந்த பிறகு பார்ப்போம் என்றாராம் அம்மா. அன்று பின்னேரம் அவர் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தார். திரும்பி வரவில்லை.

அம்மா அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய பயமாக இருந்தது. வந்தவர்கள் கட்டிப்பிடித்துக் கதறினால், அவர்களுடைய முதுகைத் தடவிவிட்டு "தேத்தண்ணி குடிச்சனியளோ?" என்று கேட்பார். பெட்டியை எடுத்துப் போனபோதும் அழவில்லை. ஒன்றே ஒன்று செய்தார்: அப்பாவின் அறை ஹீட்டரை யாரும் குறைக்க விடவில்லை. ஆளில்லாத அறை இரவும் பகலும் கொதித்துக்கொண்டிருந்தது. நானும் அதில் கை வைக்கவில்லை.

பிறகு எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு வந்தது. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. லண்டனில் எரிப்பதற்கு இடம் கிடைக்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால், எட்டை எங்கிருந்து எண்ணுவது என்று ஒரு சண்டை. படைத்ததில் ஒரு பங்கைச் சந்தியில் வைத்தால் கவுன்சில்காரன் கமராவில் பிடிப்பானா என்று இன்னொரு சண்டை. அம்மா எதிலும் கலந்துகொள்ளவில்லை. அடுப்படியில் நின்று கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். அந்த வாசம் தெருமுனை வரை போனது. ஒவ்வொரு துண்டாகத் திருப்பித் திருப்பி, ஓரம் கருகாமல், அவ்வளவு கவனமாகப் பொரித்தார். அப்பா வந்து இதைச் சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் அம்மா அத்தனை நாளும் நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

விளங்கிய மனுசன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மொட்டைத் தலையில் கம்பளித் தொப்பியுடன் நடையில் நின்று, மச்சான்மாருக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். செத்தால் எல்லாம் முடிந்தது, இது உயிரோடிருப்பவர்களின் ஆறுதலுக்காக மட்டும் செய்வது, நான் கம்ப்யூட்டர்காரன், ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பமாட்டேன் என்றெல்லாம் அடித்துவிட்டேன். மச்சான்மார் பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் கெவின், பஸ் மெக்கானிக், கை முழுக்கப் பச்சை குத்தியவன், பாம்பு வளர்க்கிறவன். அவனுடைய பாம்பு கண்ணாடிப் பெட்டியிலிருந்து தப்பிவிட்டது, விஷமில்லாதது, சூடான இடம் தேடிப் போகும், கண்டால் சொல்லு என்று வேலிக்கு மேலால் என்னிடம் சொல்லியிருந்தான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. மறந்தே போனேன். ஆக, அந்த வீட்டில் நின்ற அத்தனை பேரிலும் பாம்பைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

கொள்ளி வைத்தவன்தான் கதவைத் திறக்க வேண்டும் என்றார் மாமா. திறந்தேன். விளக்கு வெளிச்சத்தில் வாழையிலை, சோறு, குழம்பு, நடுவில் கருவாடு. அதற்குப் பின்னால் அப்பாவின் நாற்காலி. அதில் அம்மா மடித்து வைத்திருந்த வேட்டியும் மஃப்ளரும். மஃப்ளர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

அதே செங்கல் நிறம். அதே ஹீட்டர் பக்கம். விஞ்ஞானம் எந்த வழியால் போனதென்று தெரியவில்லை, நான் தரையில் கிடந்தேன்.

"அப்பா, வந்திட்டியளோ?" என்றேன். பிறகு, எங்கிருந்து வந்ததென்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாத ஒரு கேள்வி: "குளிருதோ அப்பா?"

எனக்குப் பின்னால் சனம் மடமடவென்று விழுந்தது. மாமா தேவாரம் தொடங்கினார். பால் கொண்டுவரச் சொல்லிச் சித்தி அடுப்படியைப் பார்த்துக் கத்தினார். என் தொப்பி உருண்டு போய் வாழையிலையில் முட்டி நின்றது.

அம்மா மட்டும் விழவில்லை. என்னைத் தாண்டி உள்ளே வந்தார். பாம்பைப் பார்க்கவில்லை, குனிந்து இலையைத்தான் பார்த்தார். வைத்தது வைத்தபடி இருந்தது.

"எழும்பு தம்பி," என்றார். "இது கொப்பர் இல்லை. கொப்பர் எண்டால் அந்தக் கருவாட்டை உப்பிடி விட்டிட்டுப் படுத்திருப்பாரே?"

யாரோ ஒரு மச்சான் சிரித்துவிட்டான். அதோடு எல்லோரும் சிரித்தார்கள், அத்தனை நாள் அடக்கி வைத்த சிரிப்பு. அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவர் வரேல்லை," என்றார். "ஒரு துண்டுதானே கேட்டவர்." பிறகு அழத் தொடங்கினார். நான் முட்டுக்காலில் ஊர்ந்து போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். பாம்பு ஒரு பக்கம் இருக்க, மொட்டைத் தலையோடு நானும் சத்தம் போட்டு அழுதேன். அப்பாவுக்காக நான் அழுததும் அதுதான் முதல் தடவை.

சொல்லியனுப்பியதும் கெவின் ஓடிவந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். அறையின் கோலத்தைப் பார்த்துவிட்டு, பாம்பை மெதுவாக எடுத்துக் கம்பளி ஜம்பருக்குள் வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டான். குழாய் போகும் ஓட்டை வழியாக வந்திருக்கும், இந்தத் தெருவிலேயே சூடான அறை இதுதான் என்றான். (அது பெண் பாம்பு என்ற தகவலையும் போகிற போக்கில் சொன்னான்.) அம்மா அவனைப் போக விடவில்லை. ஒரு தட்டில் சோறும் கருவாடும் போட்டுக் கொடுத்தார். அவன் நின்றபடி, ஜம்பருக்குள் பாம்போடு, உறைப்பில் கண்ணில் நீர் வர வர ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டான். அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போனபின் அப்பாவின் அறைக்குப் போய், ஹீட்டரைத் தானே நிறுத்தினார்.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் எனக்கு விடுதலையில்லை. நான் கொஞ்சம் அறிவாளி மாதிரிப் பேசத் தொடங்கினால் போதும், யாராவது ஒரு மச்சான் கையைக் கூப்பிக்கொண்டு, "குளிருதோ அப்பா?" என்பான்.

பிறகு பிறந்த என் மகளுக்கும் அந்தக் கதை சேர்ந்துவிட்டது. இப்போது வீட்டில் ஹீட்டரைக் கூட்டுகிறவன் நான், குறைக்கிறவள் அவள். அதைக் கூட்ட நான் எழும்பிப் போகும்போதெல்லாம் ஆங்கிலம் கலந்த தமிழில், சிரித்துக்கொண்டு, "குளிருதோ அப்பா?" என்று கேட்பாள். என் அப்பா உயிரோடிருந்த காலத்தில் நான் ஒருநாளும் அவரிடம் கேட்காத கேள்வி. நானும் சேர்ந்து சிரிப்பேன். பிறகு, "ஓம் பிள்ளை, குளிருது" என்பேன். அவள் ஹீட்டரைக் குறைக்காமல் விட்டுவிட்டுப் போவாள்.