சும்மா மாத்திரை

பதினோராவது தடவையும் நூல் ஊசிக் காதைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வைத்த இடத்திலும் அந்தக் கை தந்தியடித்தது.

நேற்றுவரை கல் மாதிரி நின்ற கை! ஆறு மாத நடுக்கம், டாக்டர் கொடுத்த சிவப்பு மாத்திரையில் நான்கே நாளில் அடங்கியிருந்தது. நேற்று மறுபடி மாத்திரை வாங்கப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பாழாய்ப்போன பேச்சு காதில் விழுந்தது. டாக்டர் கம்பவுண்டரிடம், "தையல்காரருக்கு அந்தச் சும்மா மாத்திரையவே குடுத்துடுப்பா" என்றார்.

அவ்வளவுதான். வீடு வந்து சேர்வதற்குள் கை ஆட ஆரம்பித்துவிட்டது. மாத்திரையை விழுங்கிப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் குடித்தது போலத்தான் இருந்தது.

"வெறும் மாவு உருண்டையக் குடுத்து ஏமாத்திட்டாங்கடி!"

"இருந்தா இருந்துட்டுப் போகுது. மருந்தே இல்லாம கை நின்னுச்சுன்னா, உங்க உடம்பே சரி பண்ணிக்கிச்சுன்னுதானே அர்த்தம்?" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியாம சரி பண்ணிக்கிச்சு. இப்பதான் எனக்குத் தெரிஞ்சு போச்சே!"

"டாக்டரையே ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"எதுக்கு? மாவத் தின்னு குணமானவன்னு ஊரே சிரிக்கவா?"

அவள் அவருக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்துக் காபியில் கலந்தாள். கண்டுபிடித்துவிட்டார். அன்றோடு காபி போச்சு. சாப்பாட்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். பசியில் நடுக்கம் இரட்டிப்பானது. பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்தார். மறுநாளே ஆளாளுக்கு வந்து தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

காலிக் கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். முப்பது வருஷம் சோறு போட்ட கை. இனி இதை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? மிச்ச மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினார். தையல் மெஷினை வெளியூரில் இருந்த மச்சானுக்கு வண்டியேற்றி அனுப்பினார். கடையைப் பூட்டிவிட்டு நேரே கம்பவுண்டரிடம் போனார்.

"நல்லா இருப்பீங்களாய்யா? சும்மா மாத்திரையக் குடுத்து என் பொழப்பையே கெடுத்துட்டீங்களே!"

கம்பவுண்டர் திருதிருவென்று விழித்தார்.

"ஐயோ அண்ணே, வெல ஜாஸ்தி, உங்களால வாங்க முடியாதுன்னு, கம்பெனிக்காரங்க இலவசமா குடுத்துட்டுப் போனத டாக்டர் உங்களுக்குன்னே எடுத்து வச்சாருண்ணே... அது சும்மா குடுத்த மருந்து, சும்மா மருந்து இல்ல!"