தண்ணீர்க் கட்டத்தில் ஒரு கறை

லீட்ஸ்,
பிப்ரவரி 6

அன்புள்ள ஈனிட் அக்காவுக்கு, தம்பி கிளிஃபோர்ட் எழுதுவது.

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சின்ன வயதில் நீ கரிக்கொட்டகைக் கதவில் நசுக்கிய என் கட்டைவிரல் மட்டும் குளிருக்குக் குடைகிறது. தழும்பும் அப்படியே இருக்கிறது. நீ அனுப்பிய ஆரஞ்சு மார்மலேடு திங்களன்று ஆய்வகத்துக்கே வந்து சேர்ந்தது. தேநீர் அறையில் நின்றபடியே கால் பாட்டிலைக் காலி செய்தேன்.

இங்கே ஒரே ரகளை. ஆன்டிபாடி என்கிற எங்கள் எதிர்ப்பொருள்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. எலியின் செல்லை வளர்த்து எடுப்பது; செடியின் செல் சுவரில் எத்தனையோ சர்க்கரைச் சங்கிலிகள் இருந்தாலும் தனக்கு உரியதை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும், மற்றதை ஏறெடுத்தும் பார்க்காது. இப்போது நாங்கள் வைத்திருப்பது பெக்டினைப் பிடிப்பது, அதாவது உன் மார்மலேடை இறுக வைக்கிற அதே சரக்கு. பிரான்வென் என்ற ஆராய்ச்சி மாணவி, தான் ஆராயும் பாசியில் பெக்டினே கிடையாது என்று மூன்று வருஷமாக மல்லுக்கட்டுகிறாள். திங்களன்று நான்தான் தாளில் கட்டம் போட்டு, பாசிச் சாறு, ஆப்பிள் சாறு, வெறும் தண்ணீர் என்று சொட்டு வைத்துக் கொடுத்தேன், அவள் எதிர்ப்பொருளில் ஊறவைத்தாள், நிறம் ஏற்றினாள், பார்த்தால் தண்ணீர்க் கட்டத்தில் பழுப்பாக ஒரு கறை! தண்ணீரிலேயே பெக்டின் என்றால் அப்புறம் எந்தக் கட்டத்தை நம்புவது?

"ஜாம் டோஸ்ட் தின்ன கையோட தாளைத் தொட்டியா?" என்று கேட்டேன்.

"நான் ஜாம் பக்கமே போகமாட்டேன், கிளிஃப். டோஸ்ட்ல தடவ எனக்கு ஈஸ்ட்ல செஞ்ச மார்மைட்தான்."

"அந்தக் கருஞ்சேத்தையா திங்கிற?"

"பேச்ச மாத்தாதீங்க. கிளவுஸ் இல்லாம நான் எதையாவது தொட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

"இருபத்தொம்பது வருஷமா கிளவுஸ் போடறவன்கிட்டயே கேக்கிறியா?"

அன்றே பேராசிரியைக்குப் புகார் எழுதிவிட்டேன். அவர் வியாழக்கிழமை நடக்கவிருந்த பிரான்வென்னின் பட்டத் தேர்வைத் தள்ளிவைத்துவிட்டார். பிள்ளை அழுதாளாம். எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் சுத்தம் என்றால் சுத்தம்.

அத்தானுக்கும் உன் கிழட்டுப் பூனைக்கும் என் அன்பு. வசந்தம் வரும்வரை படியில் பார்த்து இறங்கு.

உன் தம்பி,
கிளிஃபோர்ட்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அந்தத் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கறை இல்லை, கட்டைவிரல் ரேகை. குறுக்கே தழும்பு. திங்களன்று நான் சொட்டு வைக்கும் நடுவே நீ போனில், "மார்மலேடு வந்துச்சாடா?" என்று கேட்டபோது கையுறையைக் கழற்றினேன், திரும்ப மாட்டிய ஞாபகமே இல்லை. நாளைக் காலை முதல் வேலையாகப் பேராசிரியையிடம் விரலைக் காட்டப் போகிறேன். பிறகு பிரான்வென்னிடம் போக வேண்டும். அவள் மார்மைட் தடவிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் தின்றுவிடுவேன்.